பாம்பன் மைக் செட் கடையில் கிடைத்த ‘சிவா’ கேசட்

கேசட்டின் மேல் நீலப் பேனாவில் ‘சிவா’ என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த ஒரு பெயரை நம்பி மூன்று மாதம் தப்பான ஆளைத் தேடினோம். கேசட்டில் இருந்தது 1971-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பள்ளி வயதுப் பையன்கள் நாலு பேர் போட்ட ‘மிஸ்டிக் சிவா’ என்ற ஆல்பம். சைகடெலிக் ராக் (போதை மயக்கம் மாதிரி ஒலிக்கிற ராக் இசை) சேகரிப்பவர்கள் அதன் அசல் இசைத்தட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். அது பாம்பனுக்கு எப்படி வந்தது, நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம், எங்கே சறுக்கினோம் என்பதை எல்லாம் ஒரு இடத்தில் எழுதி வைக்கத்தான் இது. கடலோரத்து வீடுகளிலும் மூடிக்கிடக்கிற மைக் செட் கடைகளிலும் இந்த மாதிரி கேசட்டுகள் இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன, அவற்றை எடுத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு எங்கள் தப்பு உதவும்.

ராமநாதபுரத்தில் ஆம்ப்ளிஃபயர், டிவி சரிபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். பாம்பன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மைக் செட் கடை இருந்தது, அதை நடத்திய காக்கா (முஸ்லிம் பெரியவரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) இறந்து பல வருடம் ஆகிறது. அவர் மகன் வீட்டை இடித்துக் கட்டும்போது பரணில் இருந்த சாமான்களை எடுத்துப்போகச் சொல்லிக் கூப்பிட்டார். துருப்பிடித்த கூம்பு ஸ்பீக்கர் ரெண்டு, உள்ளே எலி கூடு கட்டிய ஒரு அகுஜா ஆம்ப்ளிஃபயர், அப்புறம் ஒரு அரிசிச் சாக்கு நிறையக் கேசட். எண்ணிப் பார்த்ததில் 137 இருந்தது. நாகூர் ஹனிபா, சீர்காழி கோவிந்தராஜன், மாதா கோயில் பாட்டு, சினிமாப் பாட்டு, இலங்கை வானொலியில் இருந்து பிடித்தது என்று எல்லாம் கலந்து கிடந்தது. ஒரே கடைதான் கோயில் திருவிழாவுக்கும் சர்ச் கொடியேற்றத்துக்கும் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும் செட் போட்டிருக்கிறது. 1988-ல் ரோட்டுப் பாலம் திறக்கிற வரைக்கும் தீவுக்குள் எந்தச் சாமான் வந்தாலும் ரயிலிலோ படகிலோதான் வரவேண்டும், அதனால் அந்தக் காலத்தில் பாம்பனில் ஒரு ரெக்கார்டு பிளேயர் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

பாம்பன் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, ரெண்டு கடலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். வாடைக் காற்றும் உப்பு, கச்சான் காற்றும் உப்பு. இரும்பை இந்த வேகத்தில் தின்கிற இடம் உலகத்திலேயே சில இடங்கள்தான் என்று பாலத்தைப் பராமரிக்கிறவர்கள் சொல்வார்கள். கேசட்டுக்குள் இருக்கிற இரும்பு என்றால் திருகு, உருளையின் ஊசி மாதிரிச் சின்னச் சாமான்தான், ஆனால் அது துருப்பிடித்தால் போதும், நாடா நகராது. நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கிற பஞ்சுத் துண்டு அதன் தகட்டில் இருந்து கழன்று விழுந்துவிடும். அதற்கு மேல் பூஞ்சை. வட்டமாகச் சுற்றிய நாடாவின் ஓரத்தைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளையாக, கருவாட்டில் உப்புப் பூத்த மாதிரி தெரியும். அப்படித் தெரிகிற கேசட்டைத் தயவுசெய்து நேராக பிளேயரில் போடாதீர்கள். பூஞ்சை ஒரு சுற்றை அடுத்த சுற்றோடு ஒட்டவைத்திருக்கும், மோட்டார் இழுத்தால் நாடா அறுந்துவிடும் அல்லது மேலே பூசியிருக்கிற பழுப்புப் பூச்சு உரிந்து பாட்டும் அதோடு போய்விடும்.

சிவா கேசட் 60 நிமிட ரகம், பக்கத்துக்கு 30 நிமிடம், உள்ளே சுமார் 90 மீட்டர் நாடா. கூட்டைப் பிரித்து, நாடாவை நல்ல நிலையில் இருந்த வேறு கேசட்டின் கூட்டுக்கு மாற்றி, ரெண்டு நாள் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து, அப்புறம் மூக்கை மூடிக்கொண்டு பேனாவை விட்டுக் கையால் சுற்றினேன். ரெண்டு பக்கத்தையும் சுற்றி முடிக்க ஒரு முழு மதியம் ஆனது. நடுநடுவே ‘சட் சட்’ என்று சின்னச் சத்தம் வரும், ஒட்டிய சுற்று பிரிகிற சத்தம். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றினேன்.

முதல் தடவை ஓடவிட்டபோது என் தங்கை மகனும் கடையில் இருந்தான். காலேஜில் படிக்கிறான், கித்தார் வாசிப்பான். ஆர்கன் ஒன்று இழுத்துக்கொண்டே வருகிறது, அதன் மேல் ஒரு கித்தார், ஒலி கிழிந்து கரகரத்து நெருப்புப் பிடித்த மாதிரி வருகிறது. பாடுகிறவன் குரல் ரொம்பச் சின்ன வயது, ஆங்கிலம். பாட்டில் ஒரு சோகம் இருக்கிறது, ஆனால் அழுகை இல்லை. அவன் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “மாமா, இது சும்மா பசங்க விளையாட்டு இல்ல, யாரோ உயிரைக் கொடுத்து வாசிச்சிருக்காங்க” என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. கடையை அடைத்துவிட்டு ரெண்டு பேரும் முழுசாகக் கேட்டோம்.

அடுத்து நான் செய்த வேலையில்தான் மூன்று மாதம் போனது. கேசட்டை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் கம்ப்யூட்டரில் ஏற்றியவுடனே, கடைக்கு வருகிற எல்லா வேலைக்கும் செய்கிற மாதிரி, இரைச்சலைக் குறைத்தேன், கீறல் சத்தத்தை மென்பொருளை வைத்து நீக்கினேன், தொடக்கத்திலும் முடிவிலும் பாட்டு இல்லாத பகுதியை வெட்டினேன். கேட்க நன்றாக இருந்தது. அந்தச் சுத்தமான பதிவை, கேட்கிற பாட்டு எது என்று கண்டுபிடித்துச் சொல்கிற ஷாஸாம் என்ற போன் செயலிக்குக் காட்டினோம். ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து பாட்டைக் காட்டினோம், எதற்கும் பதில் இல்லை. சரி, வெளியே யாருக்கும் தெரியாத குழு, அப்படியென்றால் இந்தப் பக்கத்துப் பையன்களாகவே இருக்கலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டோம். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. 1970-லும் 71-லும் சிம்லா சிகரெட் பெயரில் ‘சிம்லா பீட்’ என்று இந்தியா முழுக்க இளைஞர் இசைக்குழுக்களுக்குப் போட்டி நடத்தி, அதை இசைத்தட்டாகவும் போட்டார்கள். மெட்ராஸ் குழுவும் அதில் உண்டு. மெட்ராஸில் படித்த நம் பக்கத்துப் பையன் ஒருவன் ஊருக்கு வந்து பாடியிருக்கக் கூடாதா என்ன?

‘சிவா’ என்ற எழுத்தும் அதற்கே துணை நின்றது. எழுபது, எண்பதுகளில் பாட்டு பதிந்து தருகிற கடைக்குப் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கேசட்டின் மேல் வாடிக்கையாளர் பெயரைத்தான் எழுதுவார்கள், அடையாளத்துக்கு. சாக்கில் இருந்த மற்றக் கேசட்டுகளிலும் அப்படியே ஆள் பெயராகத்தான் இருந்தது. அதனால் சிவா என்பவர் கேசட்டைக் கொடுத்து வாங்காமல் போன ஆள், பாடியதும் அவராகவே இருக்கலாம் என்று தேட ஆரம்பித்தோம். ராமேஸ்வரம் தீவில் சிவா என்று பெயர் உள்ளவரைத் தேடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தெருவுக்கு ரெண்டு பேர். அறுபது வயதைத் தாண்டிய சிவாக்கள் மட்டும் என்று சுருக்கி, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் மூன்று ஊரிலும் பதினொரு பேரைப் பார்த்தோம். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, தன்னுடையது இல்லை, ஆனால் ஒரு காப்பி கிடைக்குமா என்றார்.

திரும்பி வந்து, முதலில் ஏற்றிய, கை வைக்காத பதிவை எடுத்தது தங்கை மகன்தான். சுத்தம் செய்த பதிவோடு சேர்ந்து பாடிப் பார்த்தபோது அவனுக்கு ஸ்ருதி சேரவே இல்லை. ஆர்கன் ஸ்ருதி மாறாத வாத்தியம், அதை ஒட்டித்தான் மற்றவர்கள் சேர்ப்பார்கள், அதனால் கித்தாரைச் சரியாக ஸ்ருதி சேர்த்து வைத்தால் இரண்டும் பொருந்தவேண்டும். பொருந்தவில்லை, அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறி நின்றது. அப்படியென்றால் நாடா வேகமாக ஓடுகிறது. எவ்வளவு வேகம் என்று காதால் சொல்ல முடியாது, அளக்க ஒரு அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் கை வைக்காத பதிவுக்குள்ளேயே இருந்தது.

முதல் பக்கத்தில் மூன்றாவது பாட்டில் ஒரு ‘டிக்’ சத்தம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறது. இசைத்தட்டில் குறுக்கே விழுந்த கீறல். தட்டு ஒரு சுற்று சுற்றி வரும்போதெல்லாம் ஊசி அந்தக் கீறலைத் தாண்டும். எல்.பி. தட்டு, அதாவது முழு ஆல்பம் கொள்கிற பெரிய தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஆக ஒரு சுற்றுக்குச் சரியாக 1.8 வினாடி. முதலில் இதைப் பார்த்தபோதே ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது: இது யாரும் பாம்பனில் பாடிப் பதிந்தது இல்லை, அச்சடித்த எல்.பி. தட்டில் இருந்து எடுத்தது. நான் அந்த டிக்கைத்தான் குப்பை என்று நீக்கியிருந்தேன். தங்கை மகன் திரையில் அலையைப் பெரிதாக்கி இருபது சுற்றுக்கு அளந்தான். 36 வினாடி வரவேண்டிய இடத்தில் 34.5 வந்தது. சுற்றுக்கு 1.725. நூற்றுக்கு நாலுக்கு மேல் வேகம் அதிகம்.

இன்னொன்றும் பார்த்தோம், இது என் தொழிலோடு சேர்ந்தது. எந்த ஆம்ப்ளிஃபயரிலும் கரண்ட்டின் ஹம், அதாவது ‘ம்ம்ம்’ என்ற அடிச்சத்தம், கொஞ்சமாவது கசியும். இந்தியாவில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 அதிர்வு), அமெரிக்காவில் 60, பெரும்பாலான சரக்குக் கப்பல்களிலும் 60. பதிவின் அடியில் கிடந்த ஹம்மை வரைபடமாக்கிப் பார்த்தால் 51-ல் ஒரு கோடு நின்றது. நாடா வேகமாக ஓடுகிறது என்பதால் 50 கொஞ்சம் ஏறி 51 ஆகத் தெரிகிறது, 60-க்குப் பக்கத்தில் எதுவுமே இல்லை. ஆக, தட்டில் இருந்து கேசட்டுக்கு மாற்றியது அமெரிக்காவில் இல்லை, கப்பலிலும் இருக்க வாய்ப்பில்லை. இதை வைத்து வேகத்தைத் துல்லியமாகக் கணக்கிடலாமா என்று ஆசைப்பட்டேன், ஆனால் அந்தக் காலத்து நம் ஊர் கரண்ட் 50-ல் நிலையாக நின்றதே இல்லை, லோடு ஏறினால் 49, 48 என்று இறங்கும். அதனால் ஹம்மை எந்த நாட்டுக் கரண்ட் என்று சொல்வதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம், வேகத்துக்குக் கீறலையே நம்பினோம். தட்டு ஓட்டிய பிளேயர் வேகமாக ஓடியிருந்தாலும் சரி, டேப் வேகமாக ஓடியிருந்தாலும் சரி, ரெண்டையும் சேர்த்துக் கீறல் ஒரே கணக்கில் சொல்லிவிடுகிறது.

1.725-ஐ 1.8 ஆக இழுத்தோம். கித்தாரும் ஆர்கனும் உடனே ஒட்டிக்கொண்டன. குரலும் மாறியது, சின்னப் பையன் குரலாக இருந்தது கொஞ்சம் தடித்து, மீசை அரும்புகிற வயதுக் குரலாக ஆனது. போனைக் காட்டினோம். சில வினாடியில் பதில்: ‘கீப்பர் ஆஃப் தி கீஸ்’, மிஸ்டிக் சிவா. ரெண்டு பேரும் முதலில் பாட்டின் பெயரைப் பார்க்கவே இல்லை, ‘சிவா’ என்ற எழுத்தைத்தான் பார்த்தோம். கேசட்டில் எழுதியிருந்தது ஆள் பெயர் இல்லை, குழுவின் பெயர்!

டெட்ராய்ட் என்றால் கார். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் மூன்றும் வளர்ந்த ஊர். பாட்டுக்கும் பெரிய ஊர்தான். மோடவுன் நிறுவனம் 1959-ல் தொடங்கியது அங்கேதான், எம்.சி.5, ஸ்டூஜஸ் மாதிரி ராக்கை உறுமவைத்த குழுக்களும் அந்த மிச்சிகன் பக்கத்தைச் சேர்ந்தவர்களே. அந்த ஊரில் கித்தார், ஆர்கன், பேஸ், டிரம்ஸ் என்று நாலு பையன்கள் சேர்ந்து, வி.ஓ. என்ற சின்ன லேபிளில் இந்த ஒரு தட்டைப் போட்டார்கள். பெரிய கம்பெனி பின்னால் இல்லை, கடை கடையாகக் கொண்டுபோய் வைக்க ஆள் இல்லை, அதனால் கொஞ்சத் தட்டுதான் வெளியே போனது. வந்த காலத்தில் யாரும் கவனிக்கவில்லை. பல வருடம் கழித்து அந்த வகை இசையைத் தேடுகிறவர்கள் கையில் சிக்கி, பேர் பரவி, அசல் விலை ஏறி, ஜெர்மனியின் வேர்ல்டு இன் சவுண்ட் நிறுவனம் மறுபதிப்பும் போட்டது. இன்று அந்த மறுபதிப்பை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதனால்தான் எங்கள் கேசட் பதிவை நாங்கள் எங்கேயும் ஏற்றவில்லை, அது அந்தப் பையன்களின் சொத்து. (டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் ஒன்று ஓடுகிறது என்பதை இதைத் தேடும்போதுதான் படித்தேன். வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஏனோ ரொம்பப் பிடித்துப்போனது.)

சரி, அது பாம்பனுக்கு எப்படி வந்தது? இப்போது கேள்வியை மாற்றிக் கேட்டோம். “சிவா யார்?” என்பதை விட்டுவிட்டு, “அமெரிக்கா போய் வந்தவர் யாராவது காக்கா கடையில் இங்கிலீஷ் ரெக்கார்டு கொடுத்தாரா?” என்று கேட்டோம். மூன்று மாதம் கிடைக்காத பதில் ஒரு வாரத்தில் கிடைத்தது. காக்கா கடையில் சின்ன வயதில் எடுபிடியாக இருந்தவர் இப்போது மண்டபத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். கேட்டதும், “கப்பல்காரர் கொண்டாந்த ரெக்கார்டு தம்பி அது. தங்கச்சிமடத்துக்காரர். ஒரு தடவை திருவிழாவுல சாமி பாட்டுன்னு நெனச்சுப் போட்டுட்டு காக்கா ஓடிப்போயி ஊசியத் தூக்குனாரு” என்றார். அட்டையில் சிவா என்று இருந்தால் வேறு என்ன நினைப்பார்கள்?

கப்பல்காரர் இப்போது இல்லை. தங்கச்சிமடத்தில் அவர் மனைவி இருக்கிறார், எண்பதை நெருங்குகிற அம்மா. தகரப் பெட்டியில் இருந்து கணவருடைய சி.டி.சி.யை எடுத்துக் காட்டினார். கப்பல் வேலைக்காரர்களின் உயிர்ப் புத்தகம் அது, எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் ஏறினார், எப்போது இறங்கினார் என்று முத்திரையோடு இருக்கும். ஆனால் நடுவில் எந்தெந்தத் துறைமுகத்துக்குப் போனார் என்று அதில் இருக்காது, அதனால் எழுபதுகளின் முதல் பாதியில் அவர் சரக்குக் கப்பலில் தொடர்ந்து இருந்தார் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. டெட்ராய்ட்டுக்குச் சாட்சி இன்னொரு இடத்தில் இருந்தது. பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் கவருக்குள், ஒரு பட அஞ்சலட்டை. ஆற்றின் மேல் ஒரு பெரிய தொங்குபாலம். டெட்ராய்ட்டையும் கனடாவின் விண்ட்சரையும் இணைக்கிற அம்பாசடர் பாலம், 1929-ல் கட்டியது. பின்னால் தமிழில் நாலு வரி, அதில் ஒரு வரி ‘நம்ம பாலம் மாதிரி இங்கும் ஒன்று இருக்கிறது, ஆனால் திறக்காது’. தபால் முத்திரையில் டெட்ராய்ட் என்பது தெளிவாக இருக்கிறது. வருடத்தின் கடைசி இலக்கத்தில் ஈரம் பட்டு மை பரவிவிட்டது, 197 வரைக்கும்தான் படிக்க முடிகிறது.

கடலில் இருந்து அத்தனை தொலைவில் உள்ளே இருக்கிற ஊருக்குக் கடல் கப்பல் எப்படிப் போகும் என்று எனக்கும் சந்தேகம் வந்தது. 1959-ல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுவழியை ஆழப்படுத்தித் திறந்த பிறகு, அட்லாண்டிக்கில் இருந்து பெருங்கடல் கப்பல்களே நேராகப் பேரேரிகளுக்குள் போய்வருகின்றன. டெட்ராய்ட் அந்த வழியில்தான் இருக்கிறது. பனிக்காலத்தில் ஆறு உறைந்து வழி மூடிவிடும், அதனால் அவர் போனது இளவேனிலுக்கும் மார்கழிக்கும் நடுவில் ஏதோ ஒரு மாதம்.

ஏன் இந்தத் தட்டை வாங்கினார் என்று அம்மாவிடம் கேட்டேன். “சிவான்னு போட்டிருக்கு, நம்ம பக்கத்து ஆளு யாரோ அம்புட்டுத் தூரத்துல பாடியிருக்கான் போலன்னு வாங்கிட்டேன்னு சொன்னாரு. வீட்டுல போட்டுக் கேக்க மிசினு ஏது? அதான் மைக் செட்டுக்காரர்ட்ட குடுத்தாரு.” தட்டு என்ன ஆனது என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திண்ணையில் இருந்த தண்ணீர்ப் பானையைக் காட்டினார். அட்டை ஒரு புயல் மழையில் ஊறிக் கரைந்துபோனது. தட்டு ரொம்ப நாள் பானைக்கு மூடியாக இருந்தது, வெயிலில் நெளிந்து அப்பளம் மாதிரி ஆனதும் பிள்ளைகள் எடுத்து விளையாடினார்கள், அப்புறம் எங்கே போனதென்று தெரியாது. விலையைச் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தேன், தங்கை மகன் சொல்லிவிட்டான். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. “அவர் அத ஒரு தடவையாச்சும் முழுசாக் கேட்டாரான்னு தெரியலையே தம்பி” என்றார்.

அது அசல் 1971 தட்டுதானா, பின்னால் வந்த மறுபதிப்பா என்று யாராவது கேட்கலாம், கேட்கவேண்டிய கேள்விதான். தட்டே இல்லாதபோது லேபிளையும் அதன் பக்கத்தில் தட்டில் கீறியிருக்கிற எண்ணையும் பார்க்க வழியில்லை. ஆனால் காலத்தை வைத்துச் சொல்லலாம், அதற்குச் சாட்சி நான் வெட்டி எறிந்த பகுதியில் இருந்தது.

வேகம் சரிசெய்த பிறகு, கை வைக்காத பதிவை ஆரம்பத்தில் இருந்து கடைசிவரை ஹெட்ஃபோனில் ஒரு தடவை கேட்டேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிகிறது. ஊசி உள்வட்டத்துக்குப் போய்ச் சுற்றுகிறது, ‘ஷ்ஷ்ர்… ஷ்ஷ்ர்…’ என்று. இந்த இடத்தைத்தான் ‘பாட்டு இல்லாத பகுதி’ என்று வெட்டியிருந்தேன். உள்ளேயே மைக் இருக்கிற அந்தக் காலத்து டேப் ரெக்கார்டருக்கு ஒரு பழக்கம் உண்டு, சத்தம் பெரிதாக வந்தால் தானே அடக்கும், அமைதியானால் தானே கூட்டும். பாட்டு நின்றதும் அது கூட்ட ஆரம்பிக்கிறது. ஃபேன் சத்தம் மெல்ல மேலே வருகிறது. ஒரு காகம் கரைகிறது. தூரத்தில் ரயில் எஞ்சினின் ஊதல். அப்புறம், ரொம்பப் பக்கத்தில், உடைகிற வயதுக் குரலில் ஒரு பையன்: “காக்கா, ரெக்கார்டு முடிஞ்சிருச்சு. திருப்பிப் போடவா?” செருப்பைத் தேய்த்துக்கொண்டு யாரோ நடந்து வருகிறார்கள். ‘டக்’. பட்டனை அமுக்கியாயிற்று.

அதைக் கேட்டுவிட்டு அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அடுத்த நாள் மண்டபத்துக்குப் போய், டீக்கடைக்காரருக்கு ஹெட்ஃபோனை மாட்டி, ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தைப் போட்டேன். பாய்லருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டார். ஃபேன் சத்தம் வந்தபோது, “கடை ஃபேனு, ஒரு இறக்கை வளைஞ்சிருக்கும்” என்றார். பையன் பேசியபோது பேச்சை நிறுத்திவிட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபிறகு ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “இது நான்தான் தம்பி” என்றார். அப்போது பதினாலு வயது, குரல் உடைந்த வருடம், அடுத்த வருடமே கடலுக்குப் போய்விட்டதால் கடையில் இருந்தது அந்த ஒரு வருடம்தான். பிறந்த வருடத்தோடு கூட்டிப் பார்த்தால் 1977. ஒயர் பொருந்தாததால் டேப் ரெக்கார்டரை ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலில் வைத்துப் பதிந்ததாகவும், பதிகிறபோது யாரும் பேசக்கூடாது என்று காக்கா சொல்லியிருந்ததாகவும், பாட்டு முடிந்துவிட்டதால் பேசலாம் என்று நினைத்துப் பேசியதாகவும் சொன்னார்.

மறுபதிப்புகள் எல்லாம் அதற்குப் பல வருடம் கழித்து வந்தவை. 1977-ல் பாம்பனில் ஓடிய தட்டு அசலாகத்தான் இருக்கமுடியும். ஒருவருடைய நினைவை நம்பி வருடத்தைச் சொல்கிறோமே என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது, ஒரு வருடம் முன்பின் இருக்கலாம். ஆனால் குரல் உடைகிற வயதை யாரும் பத்து வருடம் தள்ளி வைக்க முடியாது.

தங்கை மகன் மறுபதிப்பை வாங்கி எங்கள் பதிவோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முதல் பக்கம் வரிசையும் நீளமும் ஒத்துப்போகின்றன. இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் பூஞ்சை நாடாவைத் தின்றதில் பாட்டு மங்கி மறுபடி வருகிறது, அதை நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம். பாட்டு வரிசை முடிந்தபிறகு மீதி நாடாவில் பழைய பதிவின் வால் ஒன்று கிடக்கிறது, இலங்கை வானொலியில் மரண அறிவித்தல், பாதியில் இருந்து. அது வேறு யாருடைய கதையோ, அதையும் வெட்டவில்லை. இப்போது கடையில் எந்தப் பழைய கேசட் வந்தாலும் முதல் பதிவைப் பூட்டி வைத்துவிட்டு அதன் காப்பியில்தான் கை வைக்கிறேன், அதுவும் தலையில் இருந்து வால்வரை ஒரு தடவை காது கொடுத்துக் கேட்ட பிறகுதான்.

அம்மாவுக்கு ஒரு காப்பியை மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தோம். பேரன் போனில் போட்டுக் காட்டினான். கித்தார் கரகரத்தபோது முகத்தைச் சுளித்தார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் பாட்டு வேண்டாம், அந்தப் பன்னிரண்டு வினாடி மட்டும் வேண்டும் என்றார். கொடுத்தேன். சாக்கில் இன்னும் 136 கேசட் இருக்கிறது, 41 சுற்றியாகிவிட்டது. நேற்றுச் சுற்றியதில் ‘மேரி’ என்று எழுதியிருக்கிறது.